இரண்டு நிறமாலைகளுக்கு நடுவே பத்துப் பிக்சல்

ஒருங்கிணைந்த புல நிறமாலைமானி ஒன்றை வடிவமைக்க உட்காருபவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, ஒளியைப் பதிவு செய்யும் மின்னணுச் சில்லான சிசிடியின் மேல் ஒரு நிறமாலைக்கும் அதற்கு அடுத்த நிறமாலைக்கும் நடுவே எத்தனை பிக்சல் விடப்போகிறோம் என்பதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வானத்தில் எவ்வளவு பரப்பு, எந்த அலைநீளத்திலிருந்து எந்த அலைநீளம் வரை, எவ்வளவு பிரிதிறன் என்பவையெல்லாம் அந்த ஓர் எண்ணோடு பிணைந்தே வருகின்றன. பெங்களூருவில் வானியல் கருவிகளை உருவாக்கும் ஒரு குழுவில் ஒளியியல் பகுதியைக் கவனித்துவரும் எனக்கு, 2 மீட்டர் வகைத் தொலைநோக்கி ஒன்றுக்கான இத்தகைய கருவியின் வடிவமைப்பு ஆய்வில், முதல் கணக்கு தொடங்கி மாதிரிப் பாகங்களைச் சோதிப்பது வரை உடனிருக்கும் வாய்ப்பு கிடைத்தது. அதில் கற்றவற்றை, இத்துறைக்கு வர விரும்பும் இயற்பியல், பொறியியல் மாணவர்களுக்குப் பயன்படட்டும் என்று எண்களோடு சேர்த்தே எழுதுகிறேன். எண்ணை விட்டுவிட்டால் இந்தக் கருவியைப் பற்றிப் பேச அதிகம் மிஞ்சாது.

வழக்கமான நிறமாலைமானியில் ஒரு குறுகிய பிளவின் வழியே வரும் ஒளி மட்டுமே நிறம் பிரிக்கப்படுகிறது. ஒரு விண்மீன் திரளின் குறுக்கே அந்தப் பிளவை வைத்தால், அந்தக் கோட்டில் உள்ள வாயு என்ன வேகத்தில் நகர்கிறது, அங்கே எந்தெந்தத் தனிமங்கள் ஒளிர்கின்றன என்பது தெரியும். கோட்டுக்கு அப்பால் இருப்பவை தெரியா. ஒருங்கிணைந்த புல நிறமாலைமானியோ படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறமாலையை ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. சிக்கல் என்னவென்றால், சிசிடி வெறும் இரு பரிமாணப் பரப்பு; வானத்தின் இரண்டு பரிமாணங்களையும் அலைநீளம் என்ற மூன்றாவதையும் அதற்குள்ளேயே அடக்கியாக வேண்டும். 4096-க்கு 4096 பிக்சல் கொண்ட ஒரு சிசிடியில் மொத்தம் ஏறக்குறைய 1 கோடியே 67 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன. அதற்கு மேல் ஒன்று கூடக் கிடைக்காது.

இந்த இருப்பை ஒவ்வொரு குழுவும் எப்படிச் செலவு செய்தது என்று பார்ப்பதே இத்துறையில் நல்ல பாடம். 1987-இல் ஹவாயில் உள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய்த் தொலைநோக்கியில் சோதிக்கப்பட்ட டைகர், குவியத் தளத்தில் நுண்லென்ஸ்களை வரிசையாக வைத்துப் படத்தைத் துண்டாக்கியது. அதே வழியில் வந்த சாரோன் என்ற கருவி, 1999 முதல் ஸ்பெயினின் லா பால்மா தீவில் உள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் சுமார் 1,500 நுண்லென்ஸ்களோடு இயங்கியது. அத்தனை புள்ளிகளை ஒரே சிசிடியில் அடக்குவதற்காக ஏறக்குறைய 480 முதல் 540 நானோமீட்டர் வரையிலான குறுகிய பட்டையோடு அது நிறுத்திக்கொண்டது. விண்மீன்களின் இயக்கத்தை அளக்க அந்தப் பட்டையே போதும் என்று முன்கூட்டியே தெளிந்திருந்ததால், அந்தத் துணிச்சலான முடிவு பலித்தது. சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியில் 2014-இல் இயங்கத் தொடங்கிய மியூஸ், விட்டுக்கொடுக்க மனமில்லாமல் படத்தை 24 பங்காக்கி, பங்குக்கு ஒரு நிறமாலைமானியும் 4096-க்கு 4096 பிக்சல் கொண்ட ஒரு சிசிடி டிடெக்டரும் வைத்து, சுமார் 90,000 நிறமாலைகளை ஒரே நேரத்தில் எடுக்கிறது. எங்களிடம் இருந்ததோ ஒரு டிடெக்டருக்கான இடமும் ஒரு நிறமாலைமானிக்கான நிதியும்தான்.

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இமாலய சந்திரா தொலைநோக்கியைப் போன்ற ஒன்றை மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போட்டோம். பெங்களூருவுக்கு அருகே ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் இயக்கப்படும் தொலைநோக்கி அது. அதன் முதன்மை ஆடி 2 மீட்டர், குவிய விகிதம் எஃப்/9, அதாவது குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப் போல 9 மடங்கு. அந்தக் குவியத்தில் ஓர் ஆர்க்செகண்ட், அதாவது ஒரு பாகையின் 3,600-இல் ஒரு பங்கு, சுமார் 88 மைக்ரான் அகலத்தில் விழுகிறது. ஒளியைப் பிரித்தெடுக்க நுண்லென்ஸ், படத்தைக் கீற்றுகளாக வெட்டும் படச்சீவி ஆடிகள், ஃபைபர் எனப்படும் ஒளி இழை என்று மூன்று வழிகள் இருந்தாலும், நாங்கள் ஃபைபரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மையான காரணம் நிலைத்தன்மை. தொலைநோக்கியோடு சேர்ந்து சாயும் நிறமாலைமானியில் புவியீர்ப்பு ஒவ்வொரு திசையிலும் லென்ஸ்களைச் சிறிதளவு நகர்த்துகிறது. ஃபைபர் வழியாக ஒளியைக் கீழே இறக்கி, கருவியைத் தரையில் தனியறையில் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை அறவே இல்லை. நிறமாலைகளை நெருக்கமாக அடுக்கும் கருவியில் அவை இரவு முழுவதும் ஒரே பிக்சல் வரிசையில் நிற்பது மிக முக்கியம்.

எஃப்/9 கற்றையை அப்படியே ஃபைபருக்குள் செலுத்தக் கூடாது. ஃபைபர் தனக்குள் வரும் கற்றையைச் சற்று விரித்தே வெளியே விடும். ஒடுங்கிய கற்றைக்கு இந்த விரிவு மிகக் கடுமையாக இருக்கும், விரிந்த கற்றைக்குக் குறையும். எனவே சிறிய குவியக் குறைப்பி ஒன்றை முன்னால் வைத்து எஃப்/4-ஆக மாற்றினோம். அங்கே ஓர் ஆர்க்செகண்ட் 39 மைக்ரானாகச் சுருங்குகிறது. 100 மைக்ரான் உள்ளகம் கொண்ட ஃபைபர் வானத்தில் சுமார் 2.6 ஆர்க்செகண்டைப் பார்க்கிறது. ஸ்பெயினில் உள்ள கேலர் ஆல்ட்டோவின் 3.5 மீட்டர் தொலைநோக்கியில் காலிஃபா ஆய்வுக்குப் பயன்பட்ட பிபாக் கற்றையின் ஃபைபர்கள் 2.7 ஆர்க்செகண்ட், 2.5 மீட்டர் ஸ்லோன் தொலைநோக்கியின் மாங்கா (MaNGA) ஆய்வில் 2 ஆர்க்செகண்ட் என்பதோடு ஒப்பிட்டால், அருகிலுள்ள விண்மீன் திரள்களை ஆராய இது பழகிய அளவுதான். அறுகோண அடுக்கில் நடுவில் ஒன்றும் அதைச் சுற்றி பத்து வளையங்களும் வைத்தால் 331 ஃபைபர்கள். மேலுறையோடு சேர்த்து 125 மைக்ரான் இடைவெளியில் அவை அமர்ந்தால் மூலைக்கு மூலை 67 ஆர்க்செகண்ட் வருகிறது. உள்ளகங்கள் நிரப்பும் பரப்பு 58 சதவீதம்தான். மீதி, ஃபைபர்களுக்கு நடுவே வீணாகும் வானம். தொலைநோக்கியைச் சிறிதளவு நகர்த்தி மூன்று நிலைகளில் படமெடுத்து அந்த இடைவெளிகளை நிரப்பும் வழக்கம் மேற்சொன்ன இரண்டு ஆய்வுகளிலும் இருந்தது. நாங்களும் அதையே ஏற்றோம்.

அலைநீள வரம்பைப் பொறுத்தவரை விவாதம் நீளவில்லை. ஒளியை நிறம் பிரிக்கும் நுண்கோடுகள் கொண்ட கீற்றணி, ஒரே நிறத்தைப் பல வரிசைகளாக வெவ்வேறு கோணங்களில் அனுப்பும். அதன் இரண்டாம் வரிசையில் 370 நானோமீட்டர் ஒளி, முதல் வரிசையின் 740 நானோமீட்டர் ஒளி விழும் அதே இடத்தில் விழும். ஆகவே 370 முதல் 740 வரை என்று வைத்துக்கொண்டு, 370-க்குக் கீழே உள்ளதை ஒரு வடிகட்டியால் தடுத்துவிட்டால் கலப்பு இல்லாமல் ஒரே படத்தில் முடித்துவிடலாம். 370 நானோமீட்டரை 4,096 பிக்சலில் பரப்பினால் பிக்சலுக்கு 0.09 நானோமீட்டர். ஃபைபரின் பிம்பம் 3 பிக்சல் அகலம் என்று வைத்தால் பிரிக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு 0.27 நானோமீட்டர். ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு 656.3-இல், அதன் இருபுறமும் நைட்ரஜன் கோடுகள் 654.8-இலும் 658.4-இலும், கந்தகத்தின் இரட்டைக் கோடு 671.6-இலும் 673.1-இலும் இருக்கின்றன, இவை எல்லாம் தெளிவாகப் பிரியும். 372.7 நானோமீட்டரில் உள்ள ஆக்சிஜன் இரட்டைக் கோட்டின் இடைவெளியோ 0.28 நானோமீட்டர்தான். பிரிதிறனின் விளிம்பிலேயே இருப்பதால் அது தெளிவாகப் பிரியாது என்று ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி, அறிவியல் குழுவின் ஒப்புதலைப் பெற்றோம். எதைச் செய்ய முடியாது என்பதை வெளிப்படையாக எழுதிவைப்பது பின்னாளில் எழக்கூடிய பல சச்சரவுகளைத் தவிர்க்கும்.

இனி, தலைப்பில் சொன்ன இடைவெளிக்கு வருகிறேன். கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான். நிறமாலைகளை 5 பிக்சல் இடைவெளியில் அடுக்கினால் எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஃபைபர்களை வைக்கலாம், பார்க்கும் பரப்பு இரட்டிப்பாகும் என்பது விண்மீன் திரள்களை ஆராயும் நண்பர்களின் வாதம். அதில் நியாயம் இருந்தது. தொலைநோக்கி நேரம் கிடைப்பது அரிது, ஒரே இரவில் இரண்டு மடங்கு பரப்பு என்பது பெரிய வரவு. அதற்கு நாங்கள் வைத்த கணக்கு இது. பாதி உயரத்தில் 3 பிக்சல் அகலம் கொண்ட, மணி போன்ற காஸியன் வடிவ நிறமாலையின் ஒளியில், 5 பிக்சல் இடைவெளியில் அடுக்கினால், நடுக்கோட்டைத் தாண்டி அடுத்த நிறமாலையின் பக்கம் விழுவது சுமார் 2.5 சதவீதம். 7 பிக்சல் என்றால் 0.3 சதவீதம். 10 பிக்சலில் அது பொருட்படுத்தத் தேவையில்லாத அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டரை சதவீதம் என்பது கேட்பதற்குச் சிறிதாக இருக்கலாம். ஆனால் ஒரு விண்மீன் திரளின் மையம் அதன் வெளிவிளிம்பைவிட 100 மடங்கு பிரகாசமாக இருப்பது சாதாரணம். மையத்தின் நிறமாலைக்குப் பக்கத்தில் வெளிவிளிம்பின் நிறமாலை அமர்ந்தால், அங்கே கசிந்து வரும் ஒளி அதன் சொந்த ஒளியைவிட இரண்டரை மடங்கு இருக்கும். வெளிவிளிம்பில் வாயு எந்த வேகத்தில் சுழல்கிறது என்று கேட்டால் மையத்தின் வேகத்தையே பதிலாகத் தரும் கருவியை வைத்துக்கொண்டு, எவ்வளவு பரப்பைப் பார்த்துத்தான் என்ன பயன்?

காஸியன் வடிவம் என்பதும் காகிதத்தில்தான். உண்மையான லென்ஸ்களும் கீற்றணியும் சிதறடிக்கும் ஒளி நீண்ட மெல்லிய இறக்கைகளாக இருபுறமும் பரவுகிறது, அதை எந்தச் சூத்திரமும் முழுமையாகச் சொல்லிவிடாது. இடைவெளி தாராளமாக இருந்தால், நிறமாலைகளுக்கு நடுவே உள்ள பிக்சல்களிலேயே அந்தச் சிதறலை நேரடியாக அளந்து கழித்துவிடலாம். நெருக்கிவிட்டால் அளப்பதற்கான இடமே இல்லாமல் போய்விடும். இதை எடுத்துச் சொன்ன பிறகுதான் 10 பிக்சல் என்று முடிவாயிற்று. அறிவியல் குழுவில் மூத்தவரான ஓர் அக்கா, எல்லோரும் கலைந்தபின் என்னிடம், "பரப்பு போச்சேன்னு வருத்தம்தான். ஆனா வர்ற டேட்டாவை நம்பலாம்ல, அது போதும் தம்பி" என்றார். அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன்பின் ஒவ்வொரு கணக்கிலும் என் நினைவில் இருந்தது.

இடைவெளியோடு சேர்த்து முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று அடுக்கும் வரிசை. வானப் பக்கத்தில் அறுகோணமாக இருக்கும் ஃபைபர்கள், நிறமாலைமானியின் முன்னால் ஒரு பிளவு போல ஒற்றை வரிசையில் அமர்கின்றன. வானத்தில் அருகருகே இருப்பவை அந்தப் பிளவிலும் கூடியவரை அருகருகே இருக்கட்டும். மிஞ்சிய கசிவு எதுவாக இருந்தாலும், அது வளிமண்டலம் ஏற்கெனவே கலந்துவிட்ட பக்கத்துப் புள்ளிகளுக்குள்ளேயே நிற்கும். படத்தின் மறுகோடியில் போய்ப் போலியாக முளைக்காது. அறுகோணத்தை வரிசை வரிசையாக, பாம்பு நெளிவது போல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ச்சியாக எடுத்தால் இது ஓரளவுக்கு நிறைவேறும்.

வான ஒளியைக் கழிப்பதற்கென்று 36 ஃபைபர்களைத் தனியே ஒதுக்கினோம். அவற்றைப் பிளவின் ஒரு முனையில் மொத்தமாக வைப்பது கட்டுவதற்கு எளிது என்றாலும், லென்ஸ்களின் பிம்பத் தரம் பிளவின் நடுவிலும் ஓரத்திலும் ஒரேமாதிரி இருக்காது; ஓரத்தில் சற்றே அகன்ற கோடு, நடுவில் கூர்மையான கோடு. ஓரத்து வானத்தை நடுப்பகுதியிலிருந்து கழித்தால், 557.7 நானோமீட்டரில் ஒளிரும் வளிமண்டல ஆக்சிஜன் கோட்டைச் சுற்றி மேடும் பள்ளமுமாக எச்சம் தங்கிவிடும். எனவே ஏறத்தாழப் பத்து ஃபைபருக்கு ஒன்று என்ற விகிதத்தில் அவற்றைப் பிளவு முழுவதும் பரப்பினோம். ஆக மொத்தம் 367 ஃபைபர்கள், அவற்றை வரிசையாகப் பிடித்திருக்கும் 12 கட்டைகளில், கட்டைக்கு 30 அல்லது 31 வீதம், ஒவ்வொரு கட்டையிலும் மூன்று வான ஃபைபர்கள். கட்டைகளுக்கு நடுவே 25 பிக்சல் வெற்றிடம் விட்டும் 4,096-க்குள் அடங்கிவிட்டது.

அகன்ற இடைவெளியால் இரைச்சல் கூடுமோ என்று ஒரு மாணவர் கேட்டார், நல்ல கேள்வி. கூடாது, ஏனென்றால் நிறமாலையைப் பிரித்தெடுக்கும்போது நடுவிலுள்ள 6 பிக்சல்களை மட்டுமே கூட்டுகிறோம், மீதியை விட்டுவிடுகிறோம். டிடெக்டரை வாசிக்கும்போது சேரும் இரைச்சல் பிக்சலுக்கு 3 எலக்ட்ரான் என்றால், 6 பிக்சலுக்கு மாறுபாடு, அதாவது இரைச்சலின் வர்க்கங்களின் கூட்டல், 54. வான ஒளியின் மாறுபாடோ சேரும் எலக்ட்ரான் எண்ணிக்கையே. நல்ல இருண்ட வானத்தில், மொத்த ஒளித்திறன் 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அரை மணி நேரத்தில் ஒரு ஃபைபரின் ஓர் அலைநீளப் படியில் சேரும் வான ஒளி சுமார் 120 எலக்ட்ரான். பத்து நிமிடத்தில் 40 தான். ஆகவே பத்து நிமிடப் படங்களில் டிடெக்டரின் இரைச்சல் மேலோங்கும், அரை மணி நேரப் படங்களில் வானத்தின் இரைச்சல் மேலோங்கும். உயரமான இடத்தில் காஸ்மிக் கதிர்கள் அதிகம் தாக்கும் என்பதால் அதற்கு மேலும் நீட்டுவது நல்லதல்ல. இந்தக் கணக்கை வடிவமைப்பின் தொடக்கத்திலேயே போட்டுவைத்தால், கருவியைப் பயன்படுத்தப்போகிறவருக்கு என்ன அறிவுரை சொல்வது என்பதும் அப்போதே தெளிவாகிவிடும்.

ஒளியியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைபரிலிருந்து விரிந்து வரும் ஒளியை இணைகற்றையாக்கும் கொலிமேட்டரின் குவியத் தூரம் 400 மில்லிமீட்டர், கேமராவினது 200. இதனால் 100 மைக்ரான் ஃபைபர் 50 மைக்ரானாக, அதாவது 15 மைக்ரான் பிக்சல்கள் மூன்றுக்குச் சற்று மேலாக டிடெக்டரில் விழுகிறது. வட்ட வடிவம் என்பதால் பாதி உயரத்தில் அகலம் 3 பிக்சலை ஒட்டியே நிற்கும். விபிஎச் எனப்படும் ஹோலோகிராஃபிக் வகைக் கீற்றணியில் மில்லிமீட்டருக்கு சுமார் 810 கோடுகள், கோணம் 13 பாகை. எஃப்/4-இல் நுழைந்த ஒளி ஃபைபரிலிருந்து சற்று விரிந்து வரும் என்பதால், கொலிமேட்டரை எஃப்/3.6 வரை ஏற்கும்படி அகலப்படுத்தினோம். 100 மில்லிமீட்டர் கற்றைக்கு 111 மில்லிமீட்டர் இடம்; சுற்றிலும் ஐந்தரை மில்லிமீட்டர் தாராளம். இந்த ஐந்தரை மில்லிமீட்டரைத்தான் அடுத்த கட்ட வேலை முழுவதும் காவல் காத்தோம்.

ஃபைபர்கள் பிளவாக வரிசையில் அமரும் கட்டைகளைச் செய்வதற்குப் பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில், மெல்லிய கம்பியில் பாயும் மின்பொறியால் உலோகத்தை வெட்டும் வயர் கட்டிங் பட்டறை நடத்தும் தர்மபுரிக்காரர் ஒருவரிடம் போனேன். 300 மைக்ரானுக்கு ஒரு பள்ளம், பள்ளத்தில் 125 மைக்ரான் தடிமனுள்ள ஃபைபர் என்று வரைபடத்தை விரித்ததும், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இதுல பள்ளத்துக்குப் பள்ளம் இருக்கிற தூரம் முக்கியமா, பள்ளம் நேரா ஓடுறது முக்கியமா, ஆழம் முக்கியமா? மூணும் ஒண்ணுபோல முக்கியம்னா ரேட்டு வேற" என்று கேட்டார். கருவி வடிவமைப்பாளர் எவரும் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி அது. "நேரா ஓடுறதுதாங்க அண்ணா முக்கியம், அடுத்தது ஆழம், தூரம் அஞ்சு மைக்ரான் முன்னப்பின்ன இருந்தா பரவாயில்லை" என்று சொல்லி, ஏன் என்பதையும் விளக்கினேன். பள்ளங்களின் இடைவெளி 5 மைக்ரான் பிசகினால் டிடெக்டரில் அது இரண்டரை மைக்ரான், பிக்சலில் ஆறில் ஒரு பங்கு. ஒவ்வொரு நிறமாலையும் எங்கே ஓடுகிறது என்பதை விளக்கொளிப் படத்திலிருந்து எப்படியும் அளக்கத்தான் போகிறோம். ஆனால் பள்ளம் ஒரு பாகை சாய்ந்தால், 400 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் கீற்றணியின் மேல் கற்றை 7 மில்லிமீட்டர் விலகும். நாம் விட்ட தாராளமே ஐந்தரைதான். அந்த ஃபைபரின் ஒளி ஓரத்தில் வெட்டுப்படும். அதைப் பின்னால் எந்த மென்பொருளும் திருப்பித் தர முடியாது. ஆகவே சாய்வுக்கு 0.1 பாகை வரம்பு வைத்தோம். 20 மில்லிமீட்டர் நீளப் பள்ளத்தில் அது 35 மைக்ரான். வயர் கட்டிங் இயந்திரத்துக்கு அது எளிது, மெல்லிய, 0.1 மில்லிமீட்டர் கம்பியைப் போட்டு, வெப்பம் ஏறாமல் மெதுவாக வெட்டித் தந்தார். எது உண்மையில் தேவையோ அதற்கு மட்டும் கடுமையான வரம்பு வைத்து, மற்றதைத் தளர்த்தி வரைவது செலவைக் குறைப்பதோடு, பட்டறைக்காரரின் கவனத்தையும் சரியான இடத்துக்குத் திருப்புகிறது.

ஒரு கட்டையை மட்டும் முழுமையாகச் செய்து ஆய்வகத்தில் சோதித்தோம். பள்ளத்தில் ஃபைபரை இட்டு ஒட்டுவதற்கு எபோ-டெக் 301-2 என்ற பசையைப் பயன்படுத்தினோம். அறை வெப்பத்தில் இரண்டு நாள் எடுத்து மெதுவாக இறுகும் வகை. அவசரமாக இறுகும் பசை சுருங்கும்போது ஃபைபரை அழுத்தும், அழுத்தம் பட்ட ஃபைபர் ஒளியை இன்னும் விரித்துவிடும். இதைக் கண்ணால் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. மெல்லிய லேசர் கற்றையைச் சற்றுச் சாய்வாக ஃபைபரின் ஒரு முனையில் செலுத்தினால், மறுமுனையில் ஒளி ஒரு வளையமாக விழும். நல்ல ஃபைபரில் அந்த வளையம் மெல்லியதாகத் தெளிவாக இருக்கும். ஃபைபரை நடுவில் இரு விரல்களால் லேசாகப் பிடித்து அழுத்தினால், கண்ணெதிரே வளையம் தடித்து உட்புறமும் வெளிப்புறமும் பரவும். விட்டால் மீண்டும் மெலியும். புதிதாக வரும் மாணவர்களிடம் இந்தச் சோதனையைத்தான் முதலில் செய்யச் சொல்கிறோம், ஏனென்றால் ஃபைபரை எப்படிக் கையாள வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித்தர முடியாது. ஒட்டுவதற்கு முன், ஒட்டிய பின், மெருகேற்றிய பின், குளிரூட்டி மீட்ட பின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வளையத்தின் தடிமனை அளந்து எழுதினால், கெடுதல் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பது தானே புலப்படும். மெருகேற்றுவதை 30 மைக்ரான் துகள் கொண்ட தாளில் தொடங்கி 0.3 மைக்ரான் வரை படிப்படியாகக் கொண்டுபோக வேண்டும். ஒரு படியின் கீறல் முற்றிலும் மறைவதற்கு முன் அடுத்த படிக்குத் தாவினால், அந்தக் கீறல் கடைசிவரை கூடவே வரும்.

பெங்களூருவில் கட்டி ஹான்லே போன்ற இடத்துக்குக் கொண்டுபோகும் கருவிக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. குளிரைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள்: நீல ஒளியைக் கடத்துவதற்காகக் கேமராவில் வைக்கும் கால்சியம் ஃபுளூரைடு, சாதாரணக் கண்ணாடியைவிட இரண்டு மடங்குக்கும் மேலாகச் சுருங்கும், எனவே அதை இறுக்கமான உலோக வளையத்தில் பூட்டாமல் நெகிழும் ரப்பர்த் திண்டுகளில் தாங்க வேண்டும் என்பது தெரிந்ததே. காற்றழுத்தத்தைப் பற்றித்தான் பலரும் யோசிப்பதில்லை. 4,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 58 சதவீதமே. பெங்களூருவில் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும். காற்று மெலிந்தால் அதன் ஒளிவிலகல் எண் குறையும், கண்ணாடிக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு சற்றுக் கூடும், ஒவ்வொரு லென்ஸும் ஒரு துளி வலுவாகும். 200 மில்லிமீட்டர் கேமராவில் குவியம் இதனால் சுமார் 40 மைக்ரான் முன்னே வந்துவிடும். எஃப்/1.8 கற்றைக்கு அது 22 மைக்ரான் மங்கல், அதாவது ஒன்றரைப் பிக்சல். கஷ்டப்பட்டுக் காத்த பத்துப் பிக்சல் இடைவெளியில் நிறமாலை பருத்துவிடும். ஆகவே டிடெக்டரை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பை, ஆய்வகத்தில் ஒருமுறை பூட்டிவிடும் திருகாக அல்லாமல், தொலைவிலிருந்தே இயக்கக்கூடிய மோட்டாராக வைக்க வேண்டும் என்று வலியுறுத்தினேன். மெலிந்த காற்று மின்னணுப் பெட்டிகளையும் சரியாகக் குளிர்விக்காது. குளிர்நாட்டில் எதற்கு விசிறி என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம்.

லென்ஸ்களை வாங்குவதற்கு முன்பே தரவைப் பிரித்தெடுக்கும் மென்பொருளை எழுதிவிட வேண்டும் என்பது இந்த ஆய்வில் நான் மிகவும் வற்புறுத்திய கருத்து. ஒளியியல் வடிவமைப்பு மென்பொருளான ஸீமாக்ஸில் கிடைத்த பிம்பப் புள்ளிகளை எடுத்து, 367 நிறமாலைகளையும் 4096-க்கு 4096 பரப்பில் பைத்தான் நிரலால் வரைந்து, இரைச்சலும் காஸ்மிக் கதிரும் சிதறல் ஒளியும் சேர்த்து, போலியான ஓர் இரவின் தரவை உருவாக்கினோம். அதை, அறிவியல் குழு எழுதிய மென்பொருளிடம் கொடுத்து, நாங்கள் உள்ளே வைத்த சுழற்சி வேகம் திரும்ப வருகிறதா என்று பார்த்தோம். ஸீமாக்ஸின் சராசரி அளவுகளில் ஒன்றுபோல நல்லதாகத் தெரிந்த இரண்டு கேமரா வடிவமைப்புகளில், ஒன்று மூலைகளில் மட்டும் பிம்பத்தை ஒருபக்கமாக இழுத்தது; அந்த இழுப்பு வேகத்தில் மெல்லிய சாய்வாக வெளிப்பட்டது போலித் தரவில்தான். அதைப் பார்த்தபின் எந்தக் கேமரா என்பதில் விவாதமே எழவில்லை. வளிமண்டலம் நீலத்தையும் சிவப்பையும் வெவ்வேறு இடத்தில் விழச் செய்யும் விளைவையும் அதே முறையில் ஆராய்ந்தோம்: தலையுச்சியிலிருந்து 48 பாகை சாய்வில் 370-க்கும் 740-க்கும் நடுவே ஓர் ஆர்க்செகண்டுக்கும் மேல் விலகல் வரும். பிளவு நிறமாலைமானியில் அந்த ஒளி பிளவுக்கு வெளியே போய் இழப்பாகிவிடும். இங்கே அது பக்கத்து ஃபைபரில் விழுகிறது, மூன்று நிலைப் படங்களையும் சேர்க்கும்போது ஒவ்வொரு அலைநீளத்தையும் அதற்குரிய இடத்துக்குத் திருப்பி நகர்த்திவிடலாம். அதனால் விலையுயர்ந்த திருத்தி லென்ஸ்கள் தேவையில்லை என்று துணிந்து முடிவு செய்ய முடிந்தது. விளக்குகளைப் பற்றியும் ஒரு சொல்: ஹாலஜன் விளக்கு 370 நானோமீட்டர் அருகே மிக மங்கல், நிறமாலை ஓடும் பாதையை அங்கே அளக்கப் போதாது, கூடவே அந்த அலைநீளத்தில் ஒளிரும் ஒரு புற ஊதா எல்ஈடியை வைத்துவிடுங்கள்.

கடைசியாக, ஃபைபர் வரைபடம். வானத்தில் எந்த இடத்து ஃபைபர் பிளவில் எத்தனையாவது என்ற பட்டியல் இல்லாமல் இந்தக் கருவியின் தரவு வெறும் கோடுகளின் குவியல்தான். அதைக் கட்டும்போது எழுதிய குறிப்பேட்டிலிருந்து எடுக்காமல், கட்டி முடித்தபின் வானப் பக்கத்தில் ஒவ்வொரு ஃபைபருக்கும் தனித்தனியே ஒளி காட்டி, பிளவுப் பக்கத்தில் எது ஒளிர்கிறது என்று கேமராவால் பதிவு செய்து உருவாக்க வேண்டும். எங்கள் மாதிரிக் கட்டையில் ஒரு மாணவி ஒளி காட்ட, இன்னொருவர் எண்ணைச் சொல்ல, மூன்றாமவர் எழுத என்று இருமுறை செய்து, இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போன பிறகே ஏற்றோம். ஒளித்திறன் குறைந்த ஃபைபர், முறிந்த ஃபைபர் எல்லாவற்றையும் அதே பட்டியலில் குறித்து, பட்டியலின் பதிப்பு எண்ணை ஒவ்வொரு படத்தின் தலைப்புத் தகவலிலும் தானாகவே எழுதும்படி செய்துவிடுங்கள். ஃபைபர் கற்றையைக் கழற்றி மாட்டினாலோ ஒரு கட்டையை மாற்றினாலோ புதிய பதிப்பு, புதிய எண். பழைய படங்களுக்குப் பழைய பட்டியலே பொருந்தும்.